வெண்பனியின் அடியில் ஒளிந்திருக்கும் ஆபத்து

காசுமீர மலைகளுக்குக் குளிர்காலப் பனிப்புயலைக் கொணர்வன, மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி வரும் காற்றழுத்தத் தாழ்வுகளாகும். எனினும், பனிச்சரிவின் வித்து புயலுக்கு முன்பே ஊன்றப்பட்டுவிடுகிறது. மெல்லிய பனிப்படிவு கடுங்குளிரில் நெடுநாள் கிடக்குமாயின், அதன் அடியில் சர்க்கரை போன்ற பிடிப்பற்ற மணிகள் உருவாகின்றன. புயல் பொழியும் புதுப்பனியின் பாரம் தாங்காது அவ்வடுக்கு முறிய, மேற்படலம் பாளமாகச் சரிகிறது.

30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளே பெரிதும் அஞ்சத்தக்கன. வானம் தெளிந்த பின்னும் ஆபத்து உடனே அகலாது. ஒரு மனிதனின் காலடியே அதனைக் கட்டவிழ்த்துவிடக்கூடும். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பயிற்சியிலிருந்த படைவீரர் 17 பேர் பனிச்சரிவுக்கு இரையாயினர்.

இறைவனை நம்புவோர்க்கும் முன்னெச்சரிக்கை கடமையே. எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் பயணத்தைத் தள்ளிவைப்பது கோழைமையன்று, அறிவுடைமையாகும்.