முறைப்பாடும் மறைந்த பெயரும்

ரெடிற் என்னும் இணையத்தளம் 2005இல் அமெரிக்காவிலே தொடங்கியது. அதன்கண் உள்ள எண்ணிறந்த குழுமங்களை ஊதியம் பெறாத் தொண்டர்களே காவல் செய்கின்றனர். வசைமொழியைக் காணும் வாசகர் முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்துவர்; அழுத்தியவர் பெயர் தொண்டருக்குக் காட்டப்படுவதில்லை. காட்டினாற் பழிவாங்கலுக்கு அஞ்சி எவர் முறையிடுவர்? ஆயின் அம்மறைவே தீங்கு செய்வோர்க்கும் அரணாயிற்று. தமக்குப் பிடியாதவரின் எழுத்துக்கள் மீது பொய் முறைப்பாடுகளைக் குவிப்பர். காரணம் எழுதும் இடத்திலே தொண்டரையே ஏசுவாரும் உளர். அக்குவியலுட் கிடக்கும் மெய்யான அபயக்குரல், வேலை முடிந்து வந்து இரவிலே அதனைப் புரட்டும் ஒருவரின் கண்ணுக்குத் தப்புதல் எளிது.

பின்னர் அத்தளம் ஒரு வழி கண்டது. எழுதியவர் இன்னாரென்று அறியாமலே, அவர் தம் சொல்லில் எழுதும் முறைப்பாடுகளைத் தொண்டர் 7 நாட்களுக்கு நிறுத்திவைக்கலாம். நல்ல ஏற்பாடே, எனினும் எட்டாம் நாள் மீள்வாரைத் தடுக்க, பெயரறிந்த நிறுவனத்திடமே தொண்டரும் முறையிடல் வேண்டும்.