பன்னாட்டுக் கூட்டு நிறுவனங்களில் மேலாண்மைக் கட்டுப்பாடு

பன்னாட்டுக் கூட்டு நிறுவனத்தில் பங்குரிமை வேறு, மேலாண்மைக் கட்டுப்பாடு வேறு. பங்கு சமமாக இருந்தாலும் அன்றாட முடிவுகளை ஒரு கூட்டாளியே எடுக்கலாம். நிறுவனத்தின் செயல்திறனை இது பெரிதும் பாதிக்கும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சும் ஜப்பானின் டொயோட்டாவும் 1984-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நும்மி மகிழுந்து ஆலை இதற்கு எடுத்துக்காட்டு. பங்கு சரிபாதி, ஆலை நிர்வாகம் டொயோட்டாவிடம் இருந்தது. 1982-இல் மூடப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையின் பழைய தொழிலாளர்களே பெரும்பாலும் மீண்டும் அமர்த்தப்பட்டனர். குறை கண்டால் உற்பத்தி வரிசையை நிறுத்தும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. தரம் உயர்ந்தது, வேலைக்கு வராதோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் அங்குக் கற்றதைத் தன் பிற ஆலைகளில் நடைமுறைப்படுத்த ஜெனரல் மோட்டார்ஸ் பல ஆண்டுகள் திணறியது. 2009-இல் அது விலகியது. 2010-இல் ஆலை மூடப்பட்டது. கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்கும் கூட்டாளிக்குக் கற்றுக்கொள்வதே முக்கிய ஆதாயம் என்பதை மாணவர்கள் இங்குக் கவனிக்கலாம்.