ஒரே ஒரு கறுப்புக் கட்டை

எம் பங்குக் கோவிலில் நாம் ஆர்மோனியப் பெட்டியின் முன் அமர்ந்து வாசித்த பன்னிரண்டு ஆண்டுகளிலும் ஒரு காட்சி ஞாயிறுதோறும் தவறாது நடந்தேறியது. காணிக்கைப் பாடலின் பல்லவியை மக்கள் கூரை அதிரப் பாடுவர். சரணம் தொடங்கி, அதன் இரண்டாம் அடியில் மெட்டு மேலேறும் இடம் வந்ததும் ஆண்கள் பக்கம் முதலில் ஓயும். பின்னர்ப் பெண்கள் பக்கமும் ஓயும். பாடற்குழுச் சிறுமியர் நால்வர் மட்டும் கீச்சுக் குரலில் அந்த அடியை ஒருவாறு கரை சேர்ப்பர். மீண்டும் பல்லவி வந்ததும் கோவில் உயிர் பெற்றெழும். எம் பங்குத் தந்தை இதனைப் பக்திக் குறைவு என்றே கருதினார். "ஆண்டவரைப் பாட வாய் திறப்பதற்கும் வெட்கமா?" என்று பிரசங்கத்தில் இருமுறை கடிந்துகொண்டார். நாமும் பெட்டிக்குப் பின்னிருந்து தலையசைத்து அதனை ஆமோதித்தோம். குற்றம் எம்முடையது என்பதை அப்போது நாம் அறியவில்லை.

முதலில் எமக்கு அதைச் சொன்னவர், முன்வரிசையில் அமரும் ஒரு மூதாட்டி. ஒருநாள் திருப்பலி முடிந்து நாம் பெட்டியை மூடிக்கொண்டிருக்கையில் அருகே வந்தார். "தம்பி, பாட ஆசைதான். நீங்க மேலே ஏறும்போது எங்களுக்கு மூச்சு முட்டுதே. கொஞ்சம் இறக்கி வாசிக்கக் கூடாதா?" என்றார். "அந்தப் பாட்டு அப்படித்தான் பாட்டி" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். உண்மையில் அப்பாட்டு அப்படியன்று; எம் விரல்கள்தாம் அப்படி.

நாம் இசையைக் கேள்வி ஞானத்தால் அடைந்தவர்கள். வீட்டிலிருந்த பழைய பெட்டியில், காதால் கேட்ட மெட்டை விரலால் தேடிப் பிடித்துப் பழகியவர்கள். நம் பங்குகளில் வாசிக்கும் பலரும் இவ்வழி வந்தவர்களே. வாரத்தில் ஆறு நாள் பள்ளி ஆசிரியராகவோ, தையற்காரராகவோ, கூட்டுறவுச் சங்க எழுத்தராகவோ உழைத்து, ஏழாம் நாள் இசைவாணராகும் இவர்கள் இல்லையேல் எத்தனையோ கோவில்களில் பாட்டே இராது. ஆகையால் கேள்வி ஞானத்தை இழித்துரைக்க நாம் ஒருபோதும் உடன்படோம். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. ஒரு பாட்டை முதன்முதலில் எந்த இடத்தில் கண்டுபிடித்தோமோ அந்த இடத்திலேயே அது நம்மைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டவர், கோடை விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்த, ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர். ஞாயிறு பூசை முடிந்ததும் எம்மிடம் வந்து, "எத்தனை கட்டையில் வாசிக்கிறீர்கள்?" என்று வினவினார். "அதெல்லாம் தெரியாது ஐயா, இந்த வெள்ளையிலே ஆரம்பிப்பேன்" என்று ஒரு கட்டையைத் தொட்டுக் காட்டினோம். அவர் நகைக்கவில்லை. கோவில் அறிவிப்புத் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டத் தொடங்கினார். அந்தத் தாள் இன்றும் எம்மிடம் இருக்கிறது.

அதில் இருந்தது இவ்வளவுதான். ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த ஸட்ஜத்தைத் தொடுவதற்குள் பெட்டியில் பன்னிரண்டு கட்டைகள் இருக்கின்றன. வெள்ளை ஏழு, கறுப்பு ஐந்து. வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுகிறோம். இடையில் நிற்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப் பெயர் பெறும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கறுப்பு இல்லை. ஏழுக்குப் பின்னும் இல்லை. (ஏழரை இல்லாத இடம் உலகில் ஆர்மோனியப் பெட்டி ஒன்றுதான் என்று வாத்தியார் ஐயா வேடிக்கையாகச் சொன்னார்.) ஒரு கட்டையிலிருந்து, கறுப்பாயினும் வெள்ளையாயினும், அதற்கு அடுத்த கட்டைக்குச் செல்வது ஒரு படி. சங்கராபரண இராகத்தின் ஸ்வரங்கள் ஸட்ஜத்திலிருந்து இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற படிக் கணக்கில் ஏறிச் செல்கின்றன. மேனாட்டார் மேஜர் என்று வழங்கும் ஸ்வர வரிசையும் இதுவே.

வாசகர்கள் இதனைப் பெட்டியில் தாமே எண்ணிப் பார்க்கலாம். முதற் கட்டையை ஸட்ஜமாக வைத்து எண்ணினால் ஏழு ஸ்வரங்களும் வெள்ளையிலேயே விழும். தாமாகக் கற்போர் பெரும்பாலும் அங்கேயே போய்ச் சேர்வதற்குக் காரணம் இதுதான். நாமும் அங்கேதான் பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருந்தோம். எமது காணிக்கைப் பாட்டோ மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்தில் தொடங்கி, சரணத்தில் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரை எழும்புவது. முதற் கட்டையில் பாடினால் அந்த உச்சி, மேல் ஸ்தாயியின் ஐந்தாம் கட்டை. குரற்பயிற்சி இல்லாத மக்கள் கூட்டம் சிரமமின்றித் தொடக்கூடியது ஏறக்குறைய மேல் இரண்டாம் கட்டை வரையில்தான். அதற்கு மேல் ஐந்து படிகள் ஏறச்சொல்லி நாம் அவர்களை வாரந்தோறும் வருத்தியிருக்கிறோம்!

"ஸட்ஜத்தை ஐந்து படி இறக்கிக் கீழ் ஐந்தாம் கட்டையில் வையுங்கள், இப்போது எண்ணுங்கள்" என்றார் அவர். எண்ணினோம். ஐந்து, ஆறு, ஏழு, ஒன்று, இரண்டு, மூன்று: ஆறு ஸ்வரங்களும் வெள்ளையிலேயே விழுந்தன. நிஷாதம் மட்டும் நான்கில் விழாமல் நாலரையில் விழுந்தது. மாற வேண்டியிருந்தது ஒரே ஒரு கறுப்புக் கட்டை. உச்சிப் பஞ்சமமோ சொல்லிவைத்தாற்போல் மேல் இரண்டாம் கட்டையில் வந்து நின்றது.

அடுத்த ஞாயிறு சரணத்தின் இரண்டாம் அடியில் நாம் வேண்டுமென்றே பெட்டியின் ஒலியைத் தாழ்த்தினோம். ஆண்கள் பக்கம் ஓயவில்லை. முன்வரிசை மூதாட்டி எம்மைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாடினார். அந்தப் பார்வையை எதிர்கொள்ள எமக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, பாடற்குழுக்களைப் பேணி வளர்க்கச் சொல்லும் இடத்திலேயே, மக்கள் அனைவரும் தமக்குரிய பங்கை ஏற்றுப் பாடவும் வழி செய்யுமாறு பணிக்கின்றது. இதைப் பாடற்குழுக் கூட்டங்களில் நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். மக்கள் பாடாமற் போவதற்கு ஸட்ஜம் வைத்த இடமும் ஒரு காரணமாகலாம் என்பது மட்டும் எம் எண்ணத்தில் தோன்றவில்லை.

அறியாதிருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. ஓர் அச்சமும் இருந்தது. இலக்கணம் படித்தால் இசையிலுள்ள ஈரம் வற்றிவிடும், கணக்குப் பார்த்து வாசிப்பவனுக்குப் பக்தி வராது என்று நாமே பிறரிடம் பேசியதுண்டு. இவ்வச்சம் பொருளற்றது என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு துறவியின் வரலாறு.

இத்தாலி நாட்டு அரெத்சோ நகரத்துக் குய்தோ பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த பெனடிக்ட் சபைத் துறவி. அக்காலத்தில் மடங்களிலும் பேராலயங்களிலும் பாடிய சிறுவர்கள் ஆண்டு முழுமைக்குமான திருவழிபாட்டுப் பாடல்களை ஆசிரியர் வாயிலாகக் கேட்டே மனனம் செய்தார்கள். பத்து ஆண்டுகள் பயின்ற பின்னும், ஆசிரியர் அருகில் இல்லையேல் புதிய பாடல் ஒன்றைத் தாமாகப் பாட அவர்களால் இயலவில்லை. குய்தோவின் மனத்தை வருத்தியது இதுதான். அவர் இணை கோடுகள் வரைந்து, கோட்டின் மீதும் கோடுகளுக்கு இடையிலும் ஸ்வரங்களைக் குறித்தார். ஒரு கோட்டுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு மஞ்சளும் தீட்டி இடம் தடுமாறாதபடி செய்தார். புனித ஸ்நாபக அருளப்பர் மீது வழங்கிய ஓர் இலத்தீன் கீதத்தின் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று உயர்ந்த ஸ்வரத்தில் தொடங்குவதைக் கண்டு, அவ்வடிகளின் முதலசைகளையே உத், ரே, மி, ஃபா, சொல், லா எனச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். உத் என்பது பிற்காலத்தில் தோ ஆயிற்று. பத்தாண்டுப் பயிற்சி ஓராண்டில், மிஞ்சினால் ஈராண்டில், கைகூடிற்று என்று அவர் எழுதியுள்ளார்.

அவருக்குக் கிடைத்த முதற் பரிசு உடன் துறவிகளின் பொறாமை! பொம்போசா மடத்தை விட்டு நீங்கி, அரெத்சோ ஆயரின் ஆதரவில் பணியைத் தொடர்ந்தார். செய்தி கேள்வியுற்ற பாப்பரசர் பத்தொன்பதாம் அருளப்பர் அவரை உரோமைக்கு அழைத்து, அவர் எழுதிய நூலைப் புரட்டிப் பார்த்து, தாம் அதுவரை கேட்டறியாத ஒரு பாடலடியை அங்கேயே தாமே பாடிக் கண்டு வியந்தாராம். இதையும் குய்தோவே தம் நண்பருக்கு எழுதிய மடலில் சொல்லுகிறார். பாடும் சிறுவர்கள்மேல் கொண்ட இரக்கத்தால் பிறந்த இந்த இலக்கணம் எவருடைய பக்தியை வற்றச் செய்திருக்க முடியும்?

நம் நாட்டிலும் இதற்கு முந்தியதொரு சான்று கல்லில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினது என அறிஞர் கருதும் இசைக் கல்வெட்டில் ஸ்வரக் கோவைகள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. மாணவர் நலம் கருதிச் செய்யப்பட்டது என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. அண்மைக் காலத்தில், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் ஆசிரியராகவும் சித்த மருத்துவராகவும் வாழ்ந்தவரே. மருந்தும் தோட்டமும் நடத்திக்கொண்டே இசையின் கணக்கை ஆராய்ந்தவர் அவர்.

இவ்வளவும் சொன்னதனால், ஞாயிறு வாசிப்பவர் எல்லாரும் எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களையும் ஒப்பிக்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு முதற்பக்கத்திலேயே அச்சுறுத்தும் நூல்களை வாங்கி மூன்றாம் நாள் மூடிவைத்தவர்களில் நாமும் ஒருவர். தாம் அன்றாடம் வாசிக்கும் ஒரு பாட்டை எடுத்து, அதன் ஸட்ஜம் எது, மிக உயர்ந்த ஸ்வரம் எது, மிகத் தாழ்ந்தது எது என்று கண்டு எழுதுவதே முதற் பாடமாகட்டும். பின் அதே பாட்டை வேறொரு கட்டையில் எண்ணி வாசிக்கட்டும். எமக்கு இரண்டாம் கட்டை பழக மூன்று வாரங்கள் ஆயின. காந்தாரத்துக்கு நாலரையும் நிஷாதத்துக்கு ஒன்றரையும் விரலுக்குப் பழக வேண்டுமல்லவா? நாளொன்றுக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் நாம் செலவிட்டதில்லை. தாளத்தை வாத்தியத்தில் கற்பதைவிட, பாடிக்கொண்டே கையால் போட்டுக் கற்பது எளிது. பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்பின் கீழ் இராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரியைத் தாண்டிச் செல்லாமல் படிக்கும் பழக்கம் வந்தாலே பாதிக் கிணறு தாண்டியதாகும்.

எம் பாடற்குழுவில் கிதார் வாசிக்கும் இளைஞர்கள் 'ஜி' என்பார்கள். நாம் ஐந்து கட்டை என்போம். இரண்டும் ஒன்றே என்பதை அறியுமுன், பாடல் தொடங்குவதற்கு முன்பே இரு தரப்பாருக்கும் சச்சரவு வந்துவிடும். ஒரு கட்டை 'சி', இரண்டு 'டி', மூன்று 'ஈ', நான்கு 'எஃப்', ஐந்து 'ஜி', ஆறு 'ஏ', ஏழு 'பி' என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியபின் அமைதி நிலவுகிறது.

இன்றைய கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினாலே ஸட்ஜம் ஏறி இறங்குகிறதே, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பொத்தான் நல்ல வசதிதான். நாமும் அவசரத்துக்கு அழுத்துகிறோம். ஆனால் எத்தனை படி இறக்குவது என்று அது சொல்லாது. மின்சாரம் நின்றால் பழைய பெட்டியே துணை. மெட்டை எழுதிவைக்கவும் அப்பொத்தானால் இயலாது.

இந்தக் கடைசிக் காரியம் எம்மை இப்போது உறுத்துகின்றது. எம் பங்கில் முன்பு உபதேசியாராக இருந்த முதியவர், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் வியாகுலப் பாடல் ஒன்றைத் தமக்கே உரிய மெட்டில் பாடுவார். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சொற்கள் புத்தகத்தில் உள்ளன. மெட்டு எங்கும் எழுதப்படவில்லை. அவர் உயிரோடிருந்த நாளில் அருகமர்ந்து ஸ்வரம் குறித்துக்கொள்ள எமக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒரு மாலைப்பொழுதின் வேலை.

இப்போது அம்மெட்டை நினைவில் வைத்திருப்பவர் அந்த முன்வரிசை மூதாட்டி ஒருவரே. கடந்த இரண்டு மாதங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் சிறு பெட்டியுடன் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று வருகிறோம். அவர் மெல்லப் பாடுகிறார். நாம் ஓர் அடியை வாசித்துக் காட்டி, அவர் தலையசைத்த பின் எழுதுகிறோம். முதலிரண்டு அடிகள் நிறைவுற்றன. மூன்றாம் அடியில் வருவது சாதாரண காந்தாரமா, அந்தர காந்தாரமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒருநாள் ஒன்றைப் பாடுகிறார், மறுநாள் மற்றதை. "உபதேசியார் அழுதுகொண்டே பாடுவார் தம்பி, அதனாலேதான் பிடிபடலே" என்கிறார். வரும் சனிக்கிழமை, உபதேசியாருடன் சேர்ந்து பாடிய அவருடைய தங்கையையும் பக்கத்து ஊரிலிருந்து வரவழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.