மலர்ச் செலவும் மனக் கணக்கும்

பள்ளி ஆண்டு விழாவுக்கு மலர் ஒன்று வெளியிடுவதெனப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்கிறது. "என்ன செலவாகும், ஐயா?" என்று தலைமையாசிரியரைக் கேட்கிறார்கள். அவரும் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சொன்னேன். மலர் என்றதும் என் மனத்தில் இருந்தது 32 பக்கம், கறுப்பு மை, 300 படிகள். சங்கத்தார் மனத்திலோ வகுப்புதோறும் வண்ணப் படம்! அச்சகத்தார் கேட்ட தொகை நான் சொன்னதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. குறைந்த பணத்துக்காக, பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் பிழைக்கும் பெற்றோரிடம் மீண்டும் கைநீட்ட நேர்ந்தது. பிழை அச்சகத்தாருடையதன்று, என்னுடையது.

வடிவ கணிதத்தில் தரவை எழுதிய பின்னரே நிறுவத் தொடங்க வேண்டுமென்று மாணவருக்குச் சொல்லுகிறோம். செலவுக் கணக்குக்கும் தரவு வேண்டுமல்லவா?

முதலில் எத்தனை படிகள் என்று கேட்க வேண்டும். அச்சுத் தகடு செய்யும் கூலி 300 படிக்கும் 500 படிக்கும் ஒன்றே. தாளும் கட்டுக்கூலியுமே பெரும்பாலும் ஏறும். ஆகவே, 300 படிக்குச் சொன்ன விலையை வைத்து 500 படியின் விலையைப் பெருக்கிப் பார்ப்பது தவறு. வண்ணப் படமென்றால் நான்கு மைக்கு நான்கு தகடுகள். முதுகில் கம்பி தைக்கும் மலரில் பக்கங்கள் நான்கின் மடங்காகவே அமையும். கடைசி நேரத்தில் ஒரு பிரமுகரின் வாழ்த்துரை வந்து சேர்ந்தால் 32 பக்கம் 33 ஆகாது, 36 ஆகும். (வாழ்த்துரைகள் கடைசி நேரத்தில்தானே வருகின்றன!)

தட்டச்சு செய்து தருவது யார் என்பதும் முக்கியம். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதறக்கூடும். திருத்தும் வேலை இரட்டிக்கும். மெய்ப்பு எத்தனை முறை, இறுதி ஒப்புதல் யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுதல் நலம்.

அடுத்த மலருக்கு நான் தொகையை வாயால் சொல்லவில்லை. இவற்றையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதி, "இவற்றுள் எது மாறினும் தொகை மாறும்" என்று குறித்து, அடியில் தொகையை எழுதிக் கூட்டத்தில் கொடுத்தேன். பொருளாளர் படித்துப் பார்த்து, தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "300 படி போதாதே ஐயா, பழைய மாணவர்களும் கேட்பார்களே" என்றார்.