இடக்கைக்காரருக்கு ஏற்ற மடக்குக் கத்தி

இடது கையால் வேலை செய்யும் பிள்ளை வீட்டில் இருந்தால், "நொட்டாங்கை, கையை மாற்று!" என்று அதட்டுகிறோம். கயிறு அறுக்கும்போது அவன் விரலை வெட்டிக்கொண்டால் கவனக்குறைவு என்கிறோம். பல வேளைகளில் குற்றம் கையில் இல்லை, கத்தியில் இருக்கிறது.

எப்படி என்று பாருங்கள். சில மடக்குக் கத்திகளில், அலகை விரித்ததும் பிடிக்குள் இருக்கும் தகடு ஒன்று நகர்ந்துவந்து அதைத் தாங்கிக்கொள்ளும். மடக்குவதற்கு அத்தகட்டைத் தள்ளவேண்டும். அது பெரும்பாலும் வலது பெருவிரலுக்கென்றே அமைந்தது. இடக்கைக்காரரோ சுட்டுவிரலைக் கோணலாக வளைத்துத் தள்ளவேண்டியிருக்கும். பிடி தளரும்; மடங்கும் அலகில் விரல் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே, பூட்டு பிடியின் முதுகில், நடுவே இருக்கும் கத்தியாகத் தேடுங்கள். அதை எந்தக் கையாலும் அமுக்கலாம். பிரான்ஸ் நாட்டு ஒப்பினேல் கத்திகளில் 1955 முதல் வந்த சுழல் வளையமும் இரு கைக்கும் பொதுவானதே. விரிப்பதற்கு நகம் வைக்கும் பள்ளம் அலகின் இருபுறமும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, கூர். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த அலகு பெரும்பாலும் வலக்கைக்கானது; இடக்கையில் வெட்டு கோணிப் போகும். இரு பக்கமும் சமமாகச் சரிந்திருக்கவேண்டும்.

பொத்தானை அமுக்கியதும் பாய்ந்து விரியும் கத்தி எந்தக் கைக்கும் சௌகரியம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை விற்பதே குற்றம்.

வலக்கைக்காரரான தகப்பனார் தம் கையில் சோதித்துவிட்டு வாங்கிவருவதில் பயனில்லை. பிள்ளையைக் கடைக்கு அழைத்துப்போய், அவன் இடது கையில் கொடுத்து, நிதானமாக நான்கு முறை விரித்து மடக்கச் சொல்லுங்கள்.