அசைவைப் படிக்கும் கருவிகள்: ஒரு வாக்குறுதியின் கணக்கு

வீடியோ கேம் என்றதும் தோழர்கள் பலர் முகம் சுளிப்பதுண்டு. 'பசங்க சமாச்சாரம், இதுல என்ன இருக்கு பேச?' உடல், உடலரசியல் என்று இவ்வளவு எழுதுகிற நாம், உடலையே விலைபேசி வந்த ஒரு சரக்கைப் பற்றிப் பேசாமலிருப்பது விநோதம்தான். பொத்தானை அழுத்தியது போதும், இனி உன் கை, கால், இடுப்பு எல்லாமே ஆடும் என்பதுதான் இந்த அசைவுக் கருவிகள் நாற்பதாண்டுகளாகத் தந்துவரும் வாக்கு. துப்பாக்கி, கையுறை, கோல், கேமரா என்று உருவம் மாறியது, வாக்கு மாறவில்லை. அது நிறைவேறியதா, நிறைவேறியது என்றால் யாருக்கு?

அம்பத்தூர், ஆவடி, கொரட்டூர் பக்கம் 90களில் வளர்ந்தவர்களிடம் முதலில் வந்து சேர்ந்தது பிளாஸ்டிக் துப்பாக்கி. எங்கள் தெருக்களுக்கு வந்தவை நிண்டெண்டோப் பெட்டியின் மலிவு நகல்கள். பர்மா பஜாரில் வாங்கியதை டயனோராவிலோ சாலிடேரிலோ மாட்டி வாத்து சுடுவோம். துப்பாக்கியிலிருந்து ஏதோ பாய்ந்து போய் வாத்தைத் தாக்குவதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். நடப்பது நேர் எதிர். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் எழும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எப்போது வெளிச்சம் கண்டது என்பதை வைத்து எந்த வாத்து என்று பெட்டி தீர்மானிக்கும். ஆக, சுடுவது டிவி. துப்பாக்கி வெறும் கண். பழைய குழாய்த் திரையை நம்பிக் கட்டிய இந்த ஏற்பாடு தட்டைத் திரை வந்ததும் செத்துப்போனது. ஆனாலும் இதன்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. குறி வை என்று மட்டும்தான் கேட்டது. வைத்த குறியை ஒழுங்காகப் பார்த்தது.

கையுறையின் கதை சுருக்கமானது. 1989இல் அமெரிக்காவில் மட்டெல் விற்ற 'பவர் குளோவ்', விரல் மடங்குவதையும், காதுக்குக் கேளாத ஒலியைக் கொண்டு கை இருக்கும் இடத்தையும் அளந்தது. அதைக் காட்டவென்றே எடுத்ததுபோல 'தி விசார்ட்' என்ற சினிமாவும் அதே ஆண்டு வந்தது. கையுறைக்கென்று வந்த ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சீக்கிரமே மறைந்தது.

2006இல் நிண்டெண்டோவின் 'வீ' வந்தபோதுதான் உலகம் மெய்யாகவே நம்பியது. பத்துக் கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. அதன் கோலுக்குள் இருப்பது முடுக்கத்தை உணரும் சில்லு: நுண்ணிய சிலிக்கான் விற்களில் தொங்கும் ஒரு துணுக்கு. கோல் அசைந்தால் துணுக்கு பின்தங்கும். அந்த விலகலை மின்சாரம் கணக்குப் பார்க்கும். கார் மோதியதும் காற்றுப்பையை விரிக்கிற சில்லுக்கு இது நெருங்கிய உறவு. இதற்குத் தெரிந்ததெல்லாம் வேகம் மாறுவது மட்டும்தான்; தோள் திரும்பியதா, கால் நகர்ந்ததா, ஒன்றும் தெரியாது. டிவிமேல் வைக்கும் 'சென்சார் பார்' எதையும் உணர்வதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. அதன் இரு முனைகளில் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவே. பார்ப்பது கோலின் நுனியிலுள்ள கேமரா.

முதல் நாள் முழுக்கையை வீசி டென்னிஸ் ஆடுகிறவர் நாலாம் நாள் சாய்ந்து உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் சொடுக்குவார். இந்த வகைக் கோல் ஒன்றை வைத்து ஆடுகிற என் அக்கா மகன் சொன்னான்: "மாமா, ஈ ஓட்டுற மாதிரி ஓட்டினாலே பாயிண்ட் வந்துடுது." 2009இல் சுழற்சியை உணரும் 'மோஷன் ப்ளஸ்' என்ற இணைப்பு தனியாக வந்ததே, முதல் வாக்கு அரைகுறை என்பதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சொடுக்கலைச் சோம்பேறித்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. சூப்பர்வைசர் பார்க்கும்போது விறுவிறுப்பாகவும் அவர் திரும்பியதும் தன் நிதானத்திலும் வேலை செய்யத் தெரிந்த அதே உடலின் கெட்டிக்காரத்தனம் அது. எது எண்ணப்படுகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் கொடுக்கிறது.

2010 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்' கோலையும் பிடுங்கிக்கொண்டது. நீயே கருவி என்றது விளம்பரம். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, அவை இடம்பெயர்ந்து விழும் விதத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, உடலை 31 துண்டுகளாகப் பிரித்து, அதிலிருந்து ஓர் எலும்புக்கூட்டைக் கட்டும். அபாரமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் ஆட 6 அடி, இருவர் ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டும். நடுவில் எதுவும் கூடாது. நேர் வெயில் கூடாது. தொளதொள உடை கூடாது. பூந்தமல்லியில் ஒரு போர்ஷனை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து கூடம். அதில் டிவி ஸ்டாண்டு, பீரோ, கட்டில், சுருட்டி வைத்த பாய், மூலையில் புத்தகம் விரித்த பிள்ளை. லுங்கியிலும் நைட்டியிலும் மனிதர்கள். கருவி உடலைக் கேட்கவில்லை, உடலைச் சுற்றியுள்ள காலி இடத்தைக் கேட்டது. காலி இடம் என்பது சொத்து. 'நீ' என்று அது விளித்த ஆளின் வீட்டு வரைபடம் முன்னமேயே போடப்பட்டுவிட்டது.

2013இல் புதிய பெட்டியோடு சேர்த்தே விற்றார்கள். கூடத்தில் எந்நேரமும் விழித்திருக்கும் கேமராவா என்று எதிர்ப்பு கிளம்பியது. 2014இல் பிரித்து விற்றார்கள். 2017இல் உற்பத்தி நின்றது.

ஆட்டம் தோற்றது, பார்வை தோற்கவில்லை. புள்ளி தூவும் நுட்பத்தைத் தந்த இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்தை 2013இல் ஆப்பிள் வாங்கியது. 2017இல் வந்த ஐபோன் முகத்தின்மேல் புள்ளி தூவி ஆளை அடையாளம் கண்டது. இது வழிமாறிப் போனதல்ல, பிறந்த வீட்டுக்குத் திரும்பியது. 1910களில் ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் அமெரிக்கத் தொழிலாளர் விரல்களில் சிறு மின்விளக்குகளைக் கட்டி, கையின் பாதை ஒளிக்கோடாக விழும்படி படமெடுத்தார்கள். 'வீண்' அசைவைக் கழிப்பது நோக்கம். 2010இல் சோனி விற்ற 'மூவ்' கோலின் நுனியில் ஒளிரும் உருண்டையைப் பார்த்தபோது எனக்கு அந்த விரல் விளக்குகள்தான் ஞாபகம் வந்தன. இங்கே ஃபூக்கோவை இழுத்துப் பக்கம் நிரப்பலாம். எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்த்தவருக்கு அது தேவைப்படாது. ஸ்டாப் வாட்ச் பிடித்தவனை அவர் நேரிலேயே பார்த்திருப்பார்.

விதிவிலக்கும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து உருவாக்கிய 'ப்ளூட்டோ' என்ற இயந்திரத்தில், கை விளங்காமல் போனவர் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் திரையில் ஆட்டம் நகரும். அங்கே சின்ன அசைவு ஏமாற்று அல்ல, அதுதான் சாதனை. அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம்.

1964இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கையசைவை மெய்யாகவே பார்த்தாக வேண்டிய இடம் பவர் பிரஸ். ஆட்டக் கோல் தேடுகிற அதே அகச்சிவப்பு ஒளி இங்கே 'லைட் கர்ட்டன்' ஆகும்: தூணிலிருந்து தூணுக்கு ஒரு கதிர் வரிசை, கை குறுக்கிட்டால் இயந்திரம் நிற்க வேண்டும். ஆனால் சிறு பட்டறைகளின் பழைய பிரஸ்களில் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்றும் முடிந்துதான் விடும். எந்தக் கதிர் பார்த்தாலும் பாதியில் நிற்காது. அப்படிப்பட்ட பிரஸ்ஸுக்குக் கை நுழையாதபடி கம்பித் தடுப்பு போட வேண்டும். தடுப்பு போட்டால் பீஸ் எண்ணிக்கை குறையும் என்று கழற்றி வைப்பார்கள்.

எங்கள் தெருவில் இரண்டு விரல் போன ஒருவர் இருக்கிறார். சென்சார் கிடையாதா அங்கே என்று கேட்டேன்.

"சென்சார் இருந்துச்சுண்ணே, கேட்டாண்ட. மூஞ்சியக் காட்டுனா வந்த நேரம் ஏறிடும். பிரஸ்ல கால் பெடல்தான்."