தனுஷ்கோடி: உங்க செல்ஃபியில் இருக்கும் அந்தச் சுவர் என்ன?

பழனியில் முருகனைப் பார்த்துட்டு, அப்படியே ராமேஸ்வரம் போகிறவர்கள் நிறைய. தனுஷ்கோடியில் வேன் நின்றதும் எல்லோரும் போட்டோ எடுப்பது கூரையில்லாத அந்த தேவாலயத்தின் முன்னால்தான். ‘பேய் ஊர்’னு ரீல்ஸ் போடுறாங்க. ஒரு காலத்தில் இலங்கைக்குக் கப்பல் ஏறிய துறை இது.

எப்படிப் போனாங்க?

1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னை ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கே கப்பல் ஏறி, சுமார் 35 கி.மீ. கடந்தால் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட். பெயர் ‘போட் மெயில்’. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து இதே வழியில்தான் போனார்கள்.

என்ன ஆச்சு?

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், 100-க்கும் மேற்பட்ட பயணிகளோடு மூழ்கியது. ஊர் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது.

சுவர் ஏன் உதிருது?

அது பவளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியது. கல் முழுக்க நுண்துளைகள். அதில் இறங்கும் உப்புநீர் காய்ந்ததும் உப்பு படிகமாகி, உள்ளிருந்தே கல்லை உடைக்கும்.

நாம என்ன செய்யலாம்?

போட்டோ எடுங்க, சுவர்மேல் ஏறாதீங்க, கல்லைப் பெயர்த்து எடுத்துட்டு வராதீங்க. தாத்தா காலத்தில் இலங்கை போன குடும்பங்களுக்கு, அவர்கள் கிளம்பிய கரையில் மிச்சம் இருப்பது இந்தச் சில சுவர்கள்தான்.